ஏரிக்கரை வகுப்பு: பாப்பிரெட்டிப்பட்டிப் பிள்ளைகள் நடந்தே கற்கக்கூடியவை

தருமபுரி மாவட்டப் பள்ளிகளில் சுற்றுலா என்றால் பெரும்பாலும் ஒகேனக்கல், ஏற்காடு, மேட்டூர் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வேன் பிடித்து, புளிசாதம் கட்டிக்கொண்டு, விடியும் முன் புறப்பட்டு, இருட்டிய பிறகு வந்து சேரும் அந்தப் பயணத்தைப் பிள்ளைகள் வருடம் முழுக்கப் பேசுவார்கள். அது வேண்டியதுதான். இந்தக் கட்டுரை கேட்பது வேறொன்று. பள்ளி வாசலிலிருந்து அரை மணி நேரம் நடந்தால் எட்டிவிடக்கூடிய ஏரிக்கரையும் வாய்க்காலும் கரட்டோரமும் பிள்ளைகளுக்கு என்ன கற்றுத் தரும்? அதை வழக்கமான வகுப்பாக நடத்தியவர்கள் யார், அவர்கள் கண்டது என்ன? எங்கே அது தடைபடுகிறது?

பாப்பிரெட்டிப்பட்டியை எடுத்துக்கொள்ளக் காரணம் அதன் இருப்பிடம். தென்மேற்கில் சேர்வராயன் மலை, கிழக்கில் சித்தேரி மலை, நடுவில் வாணியாறு பாயும் சமவெளி. மஞ்சவாடி கணவாயைத் தாண்டினால் சேலம். வடகிழக்கே போனால் அரூர். வடமேற்கே பொம்மிடி ரயில் நிலையம். வயல்களில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), மஞ்சள், கரும்பு, தென்னை, மானாவாரி நிலங்களில் சோளம், ராகி, சாமை, சாலையோரங்களில் புளியமரங்கள். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் சில மைல்களுக்குள் அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகமில்லை. இங்கே ஒரு பிள்ளை தன் காலால் நடந்து எட்டக்கூடிய தூரத்தில் மலையும் அணையும் ஏரியும் தோட்டமும் இருக்கின்றன.

பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய்க் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் மரத்தடியில் வகுப்பைத் தொடங்கினார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அன்னா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக் 1911-இல் ஆசிரியர்களுக்கென இயற்கைக் கல்விக் கையேடு ஒன்றை எழுதினார். தொலைதூர அதிசயங்களை விட்டு, பள்ளியைச் சுற்றியிருக்கும் பூச்சியையும் களையையும் பறவையையும் பாடமாக்கியதே அதன் சிறப்பு. உக்ரைனின் பாவ்லிஷ் கிராமத்தில் வசிலி சுகோம்லின்ஸ்கி ஆறு வயதுப் பிள்ளைகளை முதலில் தோப்புக்கும் வயலுக்கும் கூட்டிப் போனார். எழுத்து பிறகுதான் வந்தது. காந்தி 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழிலும் ஊர்ச் சூழலும்தான் பாடத்துக்கு வேர்.

இந்தியாவில் இதை அரசுப் பள்ளிகளில் பெரிய அளவில் செய்து காட்டியது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத். 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அந்த அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் பிள்ளைகள் வயலுக்கும் ஓடைக்கும் போனார்கள், இலைகளையும் பூச்சிகளையும் சேகரித்து வகைப்படுத்தினார்கள், கண்டதை எழுதினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்தே தேர்வெழுதினார்கள். ஆயிரம் பள்ளிகளுக்கு மேல் பரவிய அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. முப்பது ஆண்டுகள் அது ஓடியதே, சாதாரண அரசுப் பள்ளியில் சாதாரண ஆசிரியரைக் கொண்டு இதைச் செய்ய முடியும் என்பதற்குப் போதுமான சான்று. அதைப் படிக்காமல், 'நம் பள்ளிகளில் இதெல்லாம் நடக்காது' என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

மற்றபடி நம் நாட்டில் ஆணைகளுக்குக் குறைவில்லை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 1993-இல் யஷ்பால் குழு பள்ளிப் பாடத்தின் சுமையைக் குறைக்கச் சொன்னது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு பாடத்தை இணைக்கச் சொன்னது. தேசியப் பசுமைப் படை வந்தது, பள்ளிதோறும் சுற்றுச்சூழல் மன்றம் வந்தது. இவற்றில் பெரும்பகுதி கடைசியில் மரக்கன்று நடும் நாளாகவும் ஓவியப் போட்டியாகவும் ஐந்து மதிப்பெண் வினாவாகவும் சுருங்கிவிட்டது. நீர்ச் சுழற்சியைப் படமாக வரைந்து முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்குத் தன் ஊர் ஏரிக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் இருப்பது இந்தச் சுருக்கத்தின் விளைவு.

அந்தத் தண்ணீரிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் பாப்பிரெட்டிப்பட்டியில் நடந்தே படிக்கக்கூடிய பாடங்களில் இதுவே பெரியது. வாணியாறு சேர்வராயன் மலையில் பிறந்து இறங்குகிறது. மலையடிவாரத்தில் அதைத் தடுத்து நிற்கிறது வாணியாறு அணை. உயரம் சுமார் 65 அடி. அணையின் இடது, வலது கால்வாய்கள் வெங்கடசமுத்திரம், மோளையானூர், மெணசி, ஆலாபுரம், தென்கரைக்கோட்டை என்று ஊர் ஊராகத் தண்ணீரைக் கொண்டு போகின்றன. ஆறோ அரூர்ப் பக்கம் போய்த் தென்பெண்ணையில் கலந்து, கடலூர் அருகே வங்கக் கடலை அடைகிறது. பெரிய மழையில் ஒரு ஏரி கோடி போனால் அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும். மேல் ஏரியில் கோடி அடைபட்டாலோ வாய்க்காலை யாராவது வளைத்தாலோ கீழ் ஏரி காயும். ஒரு வகுப்பு, வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு மதகிலிருந்து அடுத்த மதகு வரை நடந்தால் புவியியலும் குடிமையியலும் ஒரே நாளில் புரியும்: தண்ணீரை யார் திறக்கிறார்கள், யார் வயலுக்கு முதலில், கடைமடைக்காரருக்கு எப்போது?

கணக்கும் அங்கேயே இருக்கிறது. வாய்க்காலில் பத்து மீட்டர் தூரத்தை அளந்து இரு முனையிலும் குச்சி நட்டு, ஒரு புங்க இலையைப் போட்டு, கடக்க எத்தனை நொடி என்று பார்க்கச் சொல்லுங்கள். இருபத்தைந்து நொடி ஆனால் வேகம் நொடிக்கு 40 சென்டிமீட்டர். வாய்க்கால் ஒரு மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம் என்றால் நொடிக்கு 120 லிட்டர். மேல்மட்டத் தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடும் என்பதால் ஆறில் ஒரு பங்கைக் கழித்தால் 100 லிட்டர் என்று கொள்ளலாம். ஒரு குடம் பதினைந்து லிட்டர் என்றால், நொடிக்குக் கிட்டத்தட்ட ஏழு குடம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் பரப்பளவு, கன அளவு, வேகம், சராசரி, பிழை இந்த ஐந்தும் இதில் வந்துவிடுகின்றன. பிழை என்ற கருத்து குறிப்பாக முக்கியம். மூன்று குழுக்கள் அளந்தால் மூன்று விடை வரும். ஏன் என்று பேசும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் அறிவியல் தொடங்குகிறது. கரும்பலகையில் போட்ட கணக்குக்கு ஒரே விடைதான் என்பதால் அந்தப் பேச்சு அங்கே எழுவதில்லை.

தண்ணீர்ப் பாடத்துக்கு இந்த மாவட்டத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. தருமபுரியின் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம். கடினப் பாறையில் உள்ள கனிமங்களிலிருந்து அது மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை, பிறகு எலும்பில் வலியும் வளைவும். இதற்காகத்தான் காவிரியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. நடையின்போது ஆழ்துளைக் கிணறு, திறந்த கிணறு, ஏரி, குழாய் என்று நான்கு இடத்துத் தண்ணீரையும் பிள்ளைகள் பார்த்து, எது எங்கிருந்து வருகிறது என்று எழுதினால், பல் கறை என்பது யாருடைய அசுத்தமும் அல்ல, காலடிப் பாறையின் வேதியியல் என்பது விளங்கும். கறைப் பல்லுக்காகச் சிரிக்கத் தயங்கும் பிள்ளைகளுக்கு அந்த விளக்கம் பாடத்தைவிடப் பெரிய உதவி.

பாறையைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை விட்டுப் போக மனமில்லை. சேர்வராயன் மலையின் உடல் பெரும்பாலும் சார்னோகைட் என்ற கடும்பாறை. கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் சார்னாக்கின் பெயரையே இந்தப் பாறைக்கு வைத்தார். அந்தக் கல் சென்னைப் பகுதியிலிருந்து போனது. மலையில் உருண்டு ஓடையில் கிடக்கும் நீலக் கருங்கல்லைக் கையில் எடுக்கும் பிள்ளை பூமியின் மிகப் பழைய பாறை வகைகளில் ஒன்றைத் தொடுகிறது.

இனிச் செடிகொடிகள். பெயர் தெரிவதும் அறிவதும் ஒன்றல்ல என்றாலும் பெயரில்லாமல் எதையும் தொடர்ந்து கவனிக்க முடியாது. இங்கிலாந்தில் ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் சகாக்களும் 2002-இல் வெளியிட்ட சிறு ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும்: எட்டு வயதுப் பிள்ளைகள் போகிமான் பாத்திரங்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கை அடையாளம் சொன்னார்கள், தம் நாட்டு உயிரினங்களில் பாதியைத்தான் சொன்னார்கள். பிள்ளைகளின் நினைவாற்றலில் குறையில்லை, நாம் அவர்கள் முன் எதை வைக்கிறோம் என்பதே வேறுபாடு என்று அதைப் படிக்கலாம். பாப்பிரெட்டிப்பட்டியில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைக்குத் துரிஞ்சியும் வெப்பாலையும் ஆவாரையும் எருக்கும் தெரியும். எதை ஆடு தின்னும், எதைத் தின்னாது, எது தின்றால் வயிறு ஊதும் என்பதும் தெரியும். ஆனால் பள்ளியில் அந்த அறிவுக்கு இடமில்லை. வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் அந்தப் பிள்ளை, நடையில் முன்னால் போகும். நடையின் பலவகைப் பயன்களைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதுவே முதன்மையாகப் படுகிறது. தன் வீட்டில் கற்றதைப் பள்ளி மதிக்கிறது என்று ஒரு பிள்ளை அறிந்துகொள்ளும் இடம் உள்ளூர் நடை.

தமிழ் வகுப்பும் இதில் சேரலாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களைச் சொல்கிறார். அவற்றில் எத்தனையை நம் ஊர் வேலியிலும் கரட்டிலும் இன்றும் பார்க்கலாம் என்று வருடம் முழுக்கத் தேடுவது ஒரு நல்ல வேலை. பட்டியலின் முதற்பூவான செங்காந்தள் மழைக்குப் பின் வேலிகளில் பூக்கும். அதுவே நம் மாநிலப் பூ. அதன் கிழங்கும் விதையும் உயிருக்கு ஆபத்தான நஞ்சு என்பதையும் அதே இடத்தில் சொல்லியாக வேண்டும்.

மரங்களைப் பொறுத்தவரை புளியமரம் ஒன்றே ஓராண்டுப் பாடத்துக்குப் போதும். எப்போது தளிர்க்கிறது, எப்போது பூக்கிறது, பிஞ்சு எப்போது, பழம் உலுக்குவது எப்போது, குத்தகைக்கு எடுப்பவர் யார், கொட்டை நீக்கும் வேலைக்குக் கூலி என்ன? தாவரவியலில் தொடங்கும் கேள்வி பொருளியலில் போய் நிற்கும். சீசன்வாட்ச் என்ற நாடு தழுவிய திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு வாரம் ஒருமுறை இலை, பூ, காய் நிலையைப் பதிவு செய்கிறார்கள். பருவம் மாறுவது மரங்களில் எப்படித் தெரிகிறது என்று ஆராய்பவர்களுக்கு அந்தப் பதிவுகள் பயன்படுகின்றன. பாடப் பயிற்சியாகத் தொடங்கியது உண்மையான ஆய்வுக்குத் தரவாகிறது என்ற உணர்வு பதின்மூன்று வயதில் கிடைப்பது சாதாரணமல்ல.

சந்தன மரத்தின் கதை சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கானது. சந்தனம் பச்சை இலையோடு தன் உணவைத் தானே தயாரிக்கும். ஆனாலும் அதன் வேர் பக்கத்து மரங்களின் வேரைப் பற்றித் தண்ணீரும் உப்பும் உறிஞ்சும். துணை மரம் இல்லாமல் சந்தனம் செழிக்காது. இது உயிரியல். சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தி இதன் வரலாற்றுப் பக்கம். சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி 1992 ஜூன் 20-இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் புகுந்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் அதை உறுதி செய்தது. இந்தப் பக்கத்தில் காடு என்பது அழகு பார்க்கும் இடம் மட்டுமாக இருந்ததில்லை. மலையாளிப் பழங்குடிப் பிள்ளையும் சமவெளிப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பள்ளிகளில், காட்டோரம் நடக்கும்போது யார் காட்டில் நடக்க யார் அனுமதி தருகிறார்கள் என்ற கேள்வி வரும். வந்தால் ஆசிரியர் அதை மறைக்கக் கூடாது.

பறவைகளுக்கு வந்தால் பேச நிறைய இருக்கிறது. ஏரியில் மடையானும் உண்ணிக்கொக்கும் முக்குளிப்பானும் நாமக்கோழியும், கம்பியில் கரிச்சானும் பனங்காடையும், புதரில் செம்போத்தும் தவிட்டுக்குருவியும் தொலைநோக்கியே இல்லாமல் பார்க்கக் கிடைக்கும். ஆனால் நான் தேர்ந்துகொள்வது தூக்கணாங்குருவியை. ஆண்தான் கூடு பின்னும். பாதி பின்னிய கூட்டைப் பெண் வந்து பார்வையிடும். பிடிக்காவிட்டால் போய்விடும், அந்தக் கூடு பாதியிலேயே நிற்கும். ஈச்சை, பனை, முள்மரம் என்று தண்ணீர்மேல் தொங்கும்படி கட்டுவதால் பாம்பும் எலியும் எளிதில் எட்டாது. மேற்கத்திக் காற்றுக்கு மறைவாக மரத்தின் கிழக்குப் பக்கத்தில் அதிகம் கட்டும் என்று பறவையியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஏரிக்கரையிலும் அப்படித்தானா? திசைகாட்டி ஒன்று, தாள் ஒன்று, பத்து மரம். கிழக்கில் எத்தனை, மேற்கில் எத்தனை, முழுக் கூடு எத்தனை, பாதிக் கூடு எத்தனை என்று எண்ணிவிட்டால், புத்தகம் சொன்னதைச் சோதித்துப் பார்த்த பிள்ளைகளாகத் திரும்பி வருவார்கள். விடை புத்தகத்துக்கு மாறாக வந்தால் இன்னும் நல்லது. நம் பாப்பிரெட்டிப்பட்டிக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று அடுத்த நடையில் பார்க்கலாம்.

ஒரு பறவையின் அடையாளத்தில் எழுந்த சந்தேகம் ஒருவரின் வாழ்க்கையையே திருப்பியதுண்டு. பின்னாளில் பறவையியலாளரான சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது தான் சுட்ட சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் கண்டு, அது என்னவென்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே செயலராக இருந்த மில்லார்டு பொறுமையாகப் பதில் சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். பிள்ளை கேட்டதற்குப் பெரியவர் ஒருவர் நேரம் ஒதுக்கினார், அவ்வளவுதான்.

பூச்சிகளில் குழியானையைச் சொல்ல வேண்டும். வீட்டுத் தாழ்வாரத்தின் புழுதியில் புனல்போல் குழி தோண்டி எறும்புக்குக் காத்திருக்கும் அது, தும்பிபோன்ற இறக்கைப் பூச்சி ஒன்றின் இளம்பருவம். பின்னோக்கியே நகரும். ஈரமண்ணில் தோண்டுமா, மணலின் பருமன் மாறினால் குழியின் சாய்வு மாறுமா, பசியோடிருப்பது பெரிய குழி தோண்டுமா? ஒரு தட்டில் மண்ணைப் போட்டு மூன்றாம் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம்.

இதைவிடப் பெரிய பூச்சிக் கதை குச்சிக்கிழங்குத் தோட்டத்தில் இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டது. விரைவில் சேலம், நாமக்கல், தருமபுரித் தோட்டங்களுக்கும் வந்துவிட்டது. செடியின் நுனி சுருண்டு முடிச்சாகும், கிழங்கு சிறுக்கும். இதே பூச்சி ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானோரின் உணவைத் தாக்கியபோது, தென் அமெரிக்காவிலேயே தேடிப் பிடித்த ஓர் ஒட்டுண்ணிக் குளவியை விட்டு அடக்கினார்கள்; அதற்காக ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அந்தக் குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவித்து, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் ஆய்வு நிறுவனம் பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டது. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்து மாவட்டம். அப்பாவின் தோட்டத்தில் நுனி சுருண்ட செடிக்கு முன் நிற்கும் பிள்ளைக்கு, அதைத் தொடர்ந்து போனால் மூன்று கண்டங்களின் கதை கிடைக்கும். உணவுச் சங்கிலி, அயல் உயிரினம், உயிரியல் கட்டுப்பாடு என்று பாடப்புத்தகம் தனித்தனி அத்தியாயமாகச் சொல்வது இங்கே ஒரே இலையில் இருக்கிறது.

உடல்நலம் பற்றியும் ஆய்வுகள் உண்டு. சீனாவின் குவாங்சோவில் தொடக்கப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு நடத்தி மூன்று ஆண்டுகள் பார்த்தார்கள். கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் சுமார் 30 சதவீதம், மற்றவற்றில் சுமார் 40 சதவீதம் என்று 2015-இல் வெளியானது. கவனக்குறைவுச் சிக்கல் உள்ள பிள்ளைகள் பூங்காவில் இருபது நிமிடம் நடந்த பின் நன்றாகக் கவனம் செலுத்தினார்கள் என்று அமெரிக்காவில் 2009-இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் பதினேழு பேர்தான். இவற்றை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தக் கூடாது. தோட்டத்திலும் தெருவிலும் ஓடி வளரும் பிள்ளைக்கு வெயில் பற்றாக்குறை இல்லை. அதே ஊரில் விடிகாலையில் தனியார் பள்ளி வேனில் ஏறி, இருட்டும் நேரம் டியூஷன் முடித்து வந்து, கைபேசியோடு உட்காரும் பிள்ளையும் இருக்கிறது. கண்ணுக்கான வாதம் அந்தப் பிள்ளைக்குத்தான் முழுக்கப் பொருந்தும். கிராமத்துப் பிள்ளை முன்பே வெளியில்தான் இருக்கிறது. அது பார்ப்பதைக் கேள்வியாக்கி, எழுதி, சரிபார்க்கும் பழக்கத்தைத்தான் பள்ளி கொடுக்க வேண்டும்.

பக்கத்திலேயே செய்துவரும் இடங்கள் உண்டு. இதே தருமபுரி மாவட்டத்தின் நாகர்கூடலில் மீனாட்சி உமேஷ் தொடங்கிய புவிதம் கற்றல் மையம் மண்ணையும் வேளாண்மையையும் பாடத்தின் நடுவில் வைத்திருக்கிறது. மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் 1993-இல் பழங்குடி மக்களுக்காக மருத்துவப் பணி தொடங்கிய சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், அனுராதாவும் கிருஷ்ணாவும் நடத்தும் துளிர் மையம் பழங்குடிப் பிள்ளைகளோடு வேலை செய்கிறது. திருவண்ணாமலையில் மருதம் பண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அருணாசல மலையைப் பசுமையாக்கும் வேலைக்கு அருகிலேயே வளர்கிறார்கள். இவை எல்லாம் ஈடுபாடு மிக்க சிலர் நடத்தும் சிறு பள்ளிகள். அரசுப் பள்ளிக்கு நேர் வழி தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடுதான் என்பது என் கருத்து. 1993 முதல் நடக்கும் அந்த மாநாட்டுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வழியாக நம் மாவட்டப் பிள்ளைகளும் தம் ஊர்ப் பிரச்சினையை ஆராய்ந்து அறிக்கை கொண்டு போகிறார்கள். அதற்கான ஆய்வை ஆசிரியரே எழுதிக் கொடுக்காமல், ஓராண்டு நடையிலிருந்து பிள்ளைகளே எழுதினால் அதன் தரமே வேறாக இருக்கும்.

தடைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதலாவது பாதுகாப்பு. ஏரியும் கைப்பிடிச் சுவரில்லாத கிணறும் பிள்ளைகளைப் பலிகொள்ளக் கூடியவை. தண்ணீரில் இறங்கும் இடத்துக்கு முன்பே நடை நிற்க வேண்டும். பாம்பு இன்னொன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு, பெரும்பாலும் கிராமத்தினர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நான்கையும் அடையாளம் சொல்லிக் கொடுப்பதும், கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், ஆட்டாமல் அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்வதும் நடையின் முதல் பாடமாக இருக்கட்டும். விஷமுறிவு மருந்துக்கான நஞ்சைப் பெருமளவில் தருவது செங்கல்பட்டு மாவட்டத்தின் இருளர் கூட்டுறவுச் சங்கம். அந்தச் சமூகத்தின் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பள்ளி போகாத அறிவும் நாட்டைக் காக்கிறது என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. காப்புக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். ஆனால் ஏரிக்கரைக்கும் வாய்க்காலுக்கும் சாலையோரப் புளிக்கும் அது தேவையில்லை. நடையை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தடையை யாரும் எழுதுவதில்லை. எந்தத் தெரு வழியாக நடப்பது? ஊரும் காலனியும் பிரிந்து கிடக்கும் நம் கிராமங்களில், நடைபாதை ஒன்றைத் தேர்வதே ஒரு முடிவு. வகுப்பு முழுவதும் எல்லாத் தெரு வழியாகவும் போக வேண்டும். தண்ணீர் குடிக்க எந்த வீட்டிலும் நிற்க வேண்டும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொள்வார்கள். பெண் ஆசிரியர் உடன் வருவதும், முதல் நடைக்குத் தாய்மார்களையும் அழைப்பதும் இதற்கு உதவும். இயற்கையைப் பற்றிப் பேசிக்கொண்டு இதைத் தவிர்த்தால் நடையில் பாதிப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, 'எனக்கே செடியின் பெயர் தெரியாதே' என்ற ஆசிரியரின் தயக்கம். இது உண்மையில் தடையே அல்ல. தெரியாத செடியை வரைந்து வந்து, ஆடு மேய்க்கும் பாட்டியிடமோ ஏரித் தண்ணீர் திறந்துவிடுபவரிடமோ மலையிலிருந்து சந்தைக்கு வருபவரிடமோ கேட்டு, அடுத்த முறை சரிபார்க்கும் ஆசிரியரைப் பார்த்தே பிள்ளைகள் கற்பது எப்படி என்று கற்பார்கள். நேரமும் பெரிய சிக்கலில்லை: பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இரண்டு பாடவேளை, இருபது பிள்ளைக்கு ஒரு பெரியவர். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். ஒரு முறை போனால் காட்சி. ஆண்டு முழுதும் போனால்தான் மாற்றம் தெரியும். வைகாசியில் வறண்ட ஏரி ஐப்பசியில் எப்படி இருக்கிறது, முதல் மழைக்கு வரும் சிவப்புத் தம்பலப்பூச்சி எத்தனை நாள் தங்குகிறது, குளிர்காலத்தில் வந்த வாலாட்டி எந்த மாதம் போகிறது என்பதெல்லாம் ஒகேனக்கல் சுற்றுலாவில் கிடைக்காதவை. அதற்கொரு நோட்டு வேண்டும்: தேதி, நேரம், வானிலை, பார்த்தது, எழுந்த கேள்வி. பெரிய கையெழுத்துப் பாடமாக்காமல் நான்கைந்து வரி போதும்.

பாப்பிரெட்டிப்பட்டி ஒன்றியத்து ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் எங்கேயாவது கால் மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, இ-பேர்டு இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். கட்டணம் இல்லை, அனுமதி தேவையில்லை. வெங்கடசமுத்திரத்துக்கோ ஆலாபுரத்துக்கோ, உங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் எந்த ஏரி இருக்கிறதோ அதற்கு, வரும் பொங்கலுக்கு ஒரு வகுப்பை நடத்திக் கூட்டிப் போங்கள். மாசியில் மறுபடியும் அதே கரைக்குப் போங்கள்.